ஆசிரியர் இல்லாமல் ஜப்பானிய மரவாள் பயிற்சி: தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

பக்கத்தில் டோஜோ (ஜப்பானியத் தற்காப்புக் கலைப் பயிற்சிக்கூடம்) எதுவும் இல்லை, ஆனாலும் மரவாளைப் பிடித்துப் பழக வேண்டும் என்று ஆசை. முடியுமா என்றால், பாதி முடியும். நிற்பது, காலை நகர்த்துவது, வாளை நேராக ஓங்கி நேராக இறக்குவது, நினைத்த இடத்தில் நிறுத்துவது ஆகிய நான்கையும் தனியாகக் கற்கலாம். ஆசிரியரிடம் படிப்பவர்களும் இந்த நான்கைப் பெரும்பாலும் தனியாகத்தான் பழகித் தேர்கிறார்கள். எதிரில் நிற்பவரோடு தூரம் கணிப்பது, அவர் அசையும் கணத்தைப் பிடிப்பது போன்றவை எத்தனை காணொளி பார்த்தாலும் தனியாக வராது. அந்தப் பகுதியை இப்போதே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

ஒரு அசைவை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர இன்று வழிகள் ஏராளம். "உங்கள் இடது கால் வெளியே திரும்பியிருக்கிறது" என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. ஆகவே ஒவ்வொரு படியிலும் பிழையைக் கண்டுபிடித்துக் காட்டும் ஏதாவது ஒரு ஏற்பாடு வேண்டும்: ஒரு நூல், தரையில் ஒட்டிய நாடா, கைபேசிக் கேமரா, உள்ளங்கையில் விழும் கொப்புளம். அது இல்லாமல் தினமும் நூறு வீச்சு வீசினால் தவறுதான் நூறு முறை பதியும். ஆறு மாதம் கழித்து ஆசிரியர் கிடைத்தாலும் அதைக் கழற்ற அவர் படாத பாடு படுவார்.

வாள் வாங்குதல்

கடைகளில் பொக்கென் என்றும், ஜப்பானில் பெரும்பாலும் பொகுதோ என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றே. பெரியவர்களுக்கான வழக்கமான நீளம் சுமார் 102 செ.மீ.; அதில் பிடி மட்டும் 24 செ.மீ. அளவு. எடை ஏறக்குறைய 450 முதல் 600 கிராம் வரை. இத்தோடு விற்கும் 55 செ.மீ. குட்டை வாள் கொதாச்சி. அது இப்போது தேவையில்லை. தடித்த, கனமான சுபுரிதோ என்ற வகை ஒரு கிலோ அளவுக்கு இருக்கும். தோள் பெருக்க ஆசைப்பட்டு முதலிலேயே அதை வாங்குகிறவர்கள் உண்டு. வேண்டாம். கனமான வாள் வடிவப் பிழையை மறைக்கும். மணிக்கட்டுத் தசைநாண்களை வீங்க வைக்கும். முதல் ஆறு மாதம் அதன் பக்கமே போகாதீர்கள்.

மரம் ஜப்பானிய ஓக் என்றால் நல்லது. சிவப்பு ஓக் சற்று இலகு, விலையும் குறைவு; தனிப் பயிற்சிக்கு அதுவே போதும். வெள்ளை ஓக் அடர்த்தி மிக்கது, வாளோடு வாள் மோதும் பயிற்சியைத் தாங்கும். ஜப்பானில் இந்தத் தொழிலின் மையம் கியூஷு தீவில் மியாசாகி மாகாணத்தைச் சேர்ந்த மியாகோனோஜோ நகரம். அங்கு செய்தது கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. அலங்காரத்துக்கென்று செதுக்கிய, பெயர் தெரியாத மென்மரத்து வாள்கள்தான் ஆபத்து. வேகமாக வீசும்போது முனை முறிந்து பறக்கும்.

கையில் எடுத்தால் மூன்றைப் பாருங்கள். பிடியின் அடியிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முனை வரை நோக்குங்கள். முதுகுக்கோடு இடமோ வலமோ வளையக் கூடாது. மர ரேகைகள் வாளின் நீளத்தோடு ஓட வேண்டும். குறுக்கே சாய்ந்து விளிம்பில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் உடையும். அடுத்து, பிடியின் குறுக்குவெட்டு முட்டை வடிவமா என்று பாருங்கள். வாளின் வெட்டுவாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை உங்கள் விரல்களுக்கு அந்த வடிவம்தான் சொல்கிறது. உருண்டைக் கம்பை வைத்துப் பழகக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுவே. வாள் கிடைக்கவே வழியில்லை என்றால், நேரான கெட்டி மரக்கம்பின் பிடிப்பகுதியை உயரம் 3.5 செ.மீ., தடிமன் 2.5 செ.மீ. அளவுக்குச் சீவி முட்டை வடிவமாக்கிக்கொள்ளுங்கள்.

பிடியில் பளபளப்பான வார்னிஷ் பூசியிருந்தால் வியர்வையில் வழுக்கும். 240 எண் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, 400 எண் தாளால் மழுமழுப்பாக்கி, மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். கையைக் காக்கும் வட்டமான ட்சுபாவும் அதை நிறுத்தும் ரப்பர் வளையமும் தனியாக வரும். தனிப் பயிற்சிக்கு அவை கட்டாயமில்லை என்றாலும், வலது கை எங்கே இருக்க வேண்டும் என்று காட்டுவதால் மாட்டிக்கொள்வது நல்லது.

இடம்

170 செ.மீ. உயரமுள்ள ஒருவர் வாளை ஓங்கும்போது முனை 2.5 மீட்டருக்கும் மேலே போகும். சாதாரண வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறியில் இடிக்க இது போதும். வீட்டுக்குள் என்றால் முதலில் மெதுவாக ஓங்கி, முனை எதையும் தொடவில்லை என்று உறுதி செய்யுங்கள். சுற்றிலும் இரண்டரை மீட்டர் வெறுமையாக இருக்கட்டும். வெட்டும் திசையில் ஆளோ கண்ணாடியோ இருக்கவே கூடாது, அது எவ்வளவு தொலைவானாலும் சரி. வியர்த்த கையிலிருந்து நழுவும் வாள் முன்னோக்கித்தான் பறக்கும்.

வழுவழுப்பான மரத்தரையோ சிமெண்டுத் தரையோ இருந்தால் வெறுங்கால். மண்ணிலும் புல்லிலும் தட்டையான அடியுள்ள காலணி. தடித்த குதிகால் வைத்த ஓட்டக் காலணி எடையை முன்னே தள்ளி நிலையைக் கெடுக்கும்.

மரம்தானே என்ற அலட்சியம் ஒரு நாளும் வேண்டாம். மரவாள் எலும்பை உடைக்கும், தலையில் பட்டால் உயிரை எடுக்கும். 1612-இல் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி, தன்னோடு மோதிய வாள்வீரர் சசாகி கோஜிரோவைக் கொன்றது மரவாளால்தான் என்பது ஜப்பானிய மரபு. வெளியே எடுத்துச் செல்லும்போது உறையிலோ பையிலோ போட்டுக் கொண்டுபோங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது மரம் என்று தெரியாது.

பிடி

இங்கேதான் பாதிப் பிழைகள் பிறக்கின்றன. அவசரப்படாமல் ஒரு வாரம் கொடுங்கள்.

வெட்டுவாய் கீழே இருக்கும்படி வாளை முன்னே நீட்டுங்கள். இடது கையின் சுண்டுவிரல் பிடியின் அடி விளிம்பில் சுற்ற வேண்டும். அதற்குக் கீழே மரம் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. வலது கை ட்சுபாவை ஒட்டாமல் அதற்குச் சற்றே கீழே. இரண்டு கைக்கும் நடுவே 5 அல்லது 6 செ.மீ. இடைவெளி இருக்கும். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே முறைதான். ஜப்பானிய வாள் மரபுகளில் வலது கை மேலே, வலது கால் முன்னே என்பது எல்லோருக்கும் பொது.

இனி விரல்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் இறுக்கம், நடுவிரல் மிதம், ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் தளர்வு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உள்ள கவட்டை, இரண்டு கையிலும் வாளின் முதுகுக்கோட்டின் மேல் நேராக உட்கார வேண்டும். பக்கவாட்டிலிருந்து சுத்தியலைப் பிடிப்பதாக அமைந்துவிட்டால் கவட்டை விலகிவிடும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். இரண்டு மணிக்கட்டும் லேசாக உள்நோக்கி, ஈரத்துணியைப் பிழியத் தொடங்கும் நிலையில் இருக்கட்டும். பிழிவது வெட்டின் கடைசிக் கணத்தில் மட்டும்.

சரிபார்ப்பு எளிது. இரண்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு கையைப் பாருங்கள். இடது உள்ளங்கையில் சுண்டுவிரல், மோதிரவிரல்களின் அடியில் காய்ப்பு விழுந்திருந்தால் பிடி சரி. வலது கைக் கவட்டையிலோ வலது ஆள்காட்டி விரலின் அடியிலோ தோல் உரிந்திருந்தால் வலது கைதான் வேலை முழுவதையும் செய்கிறது.

நிலையும் காலும்

அடிப்படை நிலைக்கு சூதான் என்று பெயர். வலது பாதம் முன்னே, இடது பாதம் பின்னே. இரண்டும் நேர் முன்னோக்கிப் பார்க்க வேண்டும். இடது பாதத்தின் விரல்நுனி, வலது குதிகாலின் அளவுக்கு வந்து நிற்கும். பாதங்களுக்கு இடையே பக்கவாட்டில் ஒரு முஷ்டி அகலம். இடது குதிகால் சில செ.மீ. தூக்கியிருக்கும், வலது குதிகால் ஒரு தாள் நுழையும் அளவு தரையை விட்டிருக்கும். இடது முழங்காலை விறைக்கவும் வேண்டாம், மடக்கவும் வேண்டாம். எடை இரண்டு காலிலும் சமம்.

இடது முஷ்டி தொப்புளுக்குச் சற்றுக் கீழே, வயிற்றிலிருந்து ஒரு முஷ்டி தள்ளி. உங்கள் உயரமுள்ள ஒருவர் எதிரே நின்றால் வாள் முனையின் நீட்சி அவருடைய தொண்டையைக் காட்ட வேண்டும். தோள்களைக் காதுவரை தூக்கி ஒருமுறை மூச்சோடு கீழே போடுங்கள். விழுந்த இடம்தான் அவற்றின் இடம்.

இந்த நிலையில் அநேகமாக எல்லோரும் செய்யும் பிழை இடது பாதம் வெளிப்பக்கம் திரும்புவது. நிற்கும்போது அது சுகமாக இருக்கும், அதனால் தெரியாது. இடுப்பு அதோடு திரும்பி, வெட்டும் கோணலாகும். நாளடைவில் குதிகால் தசைநாண் வலிக்கும். தரையில் இரண்டு நாடாக்களை முஷ்டி அகல இடைவெளியில் இணையாக ஒட்டுங்கள். வலது பாதத்தின் உள்விளிம்பு ஒன்றிலும் இடது பாதத்தின் உள்விளிம்பு மற்றதிலும் உரச வேண்டும். பத்துக் காலடி முன்னே போய் நின்று குனிந்து பாருங்கள். நாடாவும் பாதமும் பிரிந்திருந்தால் திரும்பத் தொடங்குங்கள்.

நகர்வு ஒகுரியாஷி முறையில்: போகும் திசையில் உள்ள கால் முதலில் நகரும், மற்றது உடனே இழுபட்டு வந்து அதே இடைவெளியை மீட்கும். முன்னே என்றால் வலது, பிறகு இடது. பின்னே என்றால் இடது, பிறகு வலது. வலப்பக்கம் வலதும் இடப்பக்கம் இடதும் தொடங்கும். பாதம் தரையை உரசியபடியே சறுக்க வேண்டும், தலை மேலும் கீழும் ஆடக் கூடாது. பின்காலால் தள்ளித்தான் முன்கால் போகிறது. முன்காலை எட்டி வைத்து உடலை இழுத்தால் நீங்கள் நடக்கிறீர்கள், அவ்வளவுதான். இடது கால் வலது காலைத் தாண்டக் கூடாது. வாள் இல்லாமல், கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு திசைக்கும் பத்துப் பத்து. முதல் வாரம் முழுக்கக் காலுக்கு இது மட்டும் போதும். அலுப்பாகத்தான் இருக்கும்.

ஷோமென்: நேர் வெட்டு

தனிப் பயிற்சியின் உயிர் இந்த ஒரு வெட்டில் இருக்கிறது. இதற்கு முன், தோளை இளக்க ஜோகேபுரி என்ற பெருவீச்சைச் செய்வது வழக்கம்: சூதானிலிருந்து வாளைத் தலைக்கு மேலே தூக்கி, முனை முதுகுப்பக்கம் நன்றாக இறங்கும் வரை கொண்டுபோய், பிறகு முன்னே முழங்கால் உயரம் வரை வீசி இறக்குவது. பின்னால் போகும்போது இடது கைச் சுண்டுவிரல் திறந்துகொள்ளும், திறக்க விடாதீர்கள். பத்து வீச்சு, மெதுவாக.

பிறகு ஷோமென். காலை அசைக்காமல் நின்றபடியே முதலில்.

1. சூதானில் நின்று மூச்சை இழுத்தபடி ஓங்குங்கள். இடது முஷ்டிதான் வழிகாட்டும்; அது உங்கள் நடுக்கோட்டிலேயே ஏறி, நெற்றிக்கு ஒரு முஷ்டி முன்னும் மேலுமாக நிற்கும். வாள் தலைக்குப் பின்னால் சுமார் 45 பாகையில் சாய்ந்திருக்கும். இரண்டு முன்கைகளுக்கு இடையே எதிரே உள்ள இலக்கு தெரிய வேண்டும்.

2. அந்த இடத்தில் ஒரு கணம்கூட நிற்காமல் இறக்குங்கள். மூச்சு வெளியே. முனை முதலில் முன்னோக்கிப் பெரிய வளைவாகப் போக வேண்டும். முழங்கையை முதலில் கீழே இழுத்தால் முனை பின்தங்கி, வெட்டு விறகு பிளப்பதாகிவிடும்.

3. வலது கை முன்னே தள்ள, இடது கை கீழே இழுக்கும். விசை இடது கையுடையது. வலது கை திசையைப் பார்த்துக்கொள்ளும்.

4. முடிவில் இடது முஷ்டி நெஞ்சுக்குழி உயரத்தில், வலது கை தோள் உயரத்தில், இரண்டு முழங்கையும் விறைக்காமல் நீண்டிருக்கும். வாளின் முனையை ஒட்டிய மூன்றிலொரு பகுதி உங்கள் உயரமுள்ள எதிராளியின் நெற்றிக்கு முன் நின்றிருக்கும். வெட்டுவது அந்தப் பகுதிதான். முனை நுனியோ வாளின் நடுவோ அல்ல.

நிறுத்துவதில்தான் தனியாகப் பழகுபவர்கள் தடுமாறுகிறார்கள். தோளையும் மேல்கையையும் விறைத்து வாளைப் பிடித்து நிறுத்தினால் முனை துள்ளும், இரண்டு மூன்று முறை அதிரும், முழங்கை வலிக்கும். சரியான நிறுத்தம் உள்ளங்கையில் நிகழ்வது. இறங்கும் வழியெல்லாம் தளர்ந்திருந்த இரண்டு கைகளும் கடைசிக் கணத்தில் சேர்ந்து பிழிந்து, உடனே இளக வேண்டும். ஜப்பானியத்தில் தெனோஉச்சி என்று அழைக்கப்படும் இது ஒரு நாளில் வராது. முதல் மாதம் பாதி வேகத்துக்கு மேல் போகாதீர்கள். வேகம் கூடினால் உடம்பு தானாகவே தோளின் உதவியைத் தேடும்.

நின்ற இடத்தில் வெட்டு ஒழுங்கானதும் காலைச் சேருங்கள். ஓங்கி, வலது காலைச் சறுக்கியபடியே இறக்கி, இடது கால் வந்து சேரும் கணமும் வாள் நிற்கும் கணமும் ஒன்றாகட்டும். வாள் முந்தினால் கைவெட்டு, கால் முந்தினால் தள்ளாட்டம். கேட்டுப் பார்த்தாலே தெரியும்: இடது காலின் உரசலும் மூச்சின் முடிவும் ஒரே ஒலியாக முடிய வேண்டும்.

பிழைகளைப் பிடிக்கும் ஏற்பாடுகள்

கைபேசியை மார்பு உயரத்தில், பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். சாதாரணப் பதிவில் வாள் வெறும் மங்கலாகத்தான் தெரியும். நொடிக்கு 120 அல்லது 240 படச்சட்டங்கள் எடுக்கும் மெதுவோட்டப் பதிவைப் பயன்படுத்துங்கள். பக்கப் பார்வையில் மூன்று கேள்விகள்: ஓங்கும்போது இடுப்பு முன்னே வளைகிறதா, தலை முன்னே குனிகிறதா, இடது முஷ்டி நெற்றிக்கு மேலே போகிறதா அல்லது முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறதா. ஒரு பயிற்சிக்கு ஒரு பிழையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள். மூன்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் மூன்றும் அப்படியே இருக்கும்.

முன்பக்கப் பதிவுக்குக் கேமராவை வெட்டும் கோட்டில் நேரே வைக்காதீர்கள் (பறக்கும் வாள் நினைவிருக்கட்டும்). தொலைவில், சற்றே ஓரமாக, கெட்டியான எதற்காவது பின்னால் வைக்கலாம். வாளின் இடது பக்கத்தில் ஒரு நிறத்திலும் வலது பக்கத்தில் வேறு நிறத்திலும் நாடா ஒட்டிக்கொள்ளுங்கள். வாள் நேராக இறங்கினால் முன்னிருந்து பார்க்கையில் இரண்டு நிறமும் ஏறக்குறைய சமமாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஒன்று மட்டும் பளிச்சென்று தெரிந்தால் வெட்டுவாய் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வை ஹாசுஜிப் பிழை என்பார்கள். உண்மையான வாளாக இருந்தால் அது வெட்டாமல் பக்கவாட்டில் அறைந்திருக்கும்.

வாள் போகும் கோட்டைப் பார்க்க ஒரு கிளையிலிருந்தோ உத்தரத்திலிருந்தோ சின்ன எடை கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். முனை நூலுக்குப் பத்து செ.மீ. இப்பால் வரும்படி நின்று, மிக மெதுவாக ஓங்கி இறக்குங்கள். முனை நூலோடு ஒட்டியே பயணம் செய்கிறதா? பெரும்பாலானவர்களுக்கு ஓங்கும்போது ஒரு பக்கமும் இறக்கும்போது மறுபக்கமும் விலகும். வலது தோளின் இழுப்பு அது.

நிறுத்தத்தைச் சோதிக்க நெற்றி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, குறுக்காக ஒரு மெல்லிய தையல் நூலை இரண்டு கம்புகளுக்கு இடையே கட்டுங்கள். வாள் நூலுக்கு இரண்டு செ.மீ. மேலே நிற்க வேண்டும். நூல் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். கயிறோ கம்பியோ கட்டக் கூடாது. வாள் அதில் மாட்டித் திரும்பி உங்கள் மேலேயே வரும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகருகே பள்ளம் செதுக்கிய மரவாள்கள் நன்றாக இறங்கும்போது சீழ்க்கை அடிக்கும், கோணினால் ஒலி மங்கும். கோணத்துக்கு அது நல்ல சாட்சி. ஆனால் ஒலிக்காக வேகத்தைக் கூட்டும் ஆசையையும் அது சேர்த்தே கொண்டுவரும். பள்ளமில்லாத சாதா வாளில் ஒலியை நம்பிப் பயனில்லை.

அளவும் அட்டவணையும்

வாரம் நான்கு நாள், ஒரு நாளைக்கு 20 முதல் 25 நிமிடம். மணிக்கட்டு, தோள், கெண்டைக்கால் மூன்றையும் ஐந்து நிமிடம் இளக்காமல் வாளைத் தொடாதீர்கள்.

முதல் வாரம் பிடியும் காலும், அதோடு ஓங்கி நிறுத்தி இறக்கும் மெதுவான 20 அசைவுகள். இரண்டாம் வாரம் ஜோகேபுரி பத்து வீதம் மூன்று சுற்று. மூன்று, நான்காம் வாரங்களில் நின்ற நிலை ஷோமென், பத்து வீதம் ஐந்து சுற்று, சுற்றுக்கு இடையே ஒரு நிமிட ஓய்வு. இரண்டாம் மாதம் அதே எண்ணிக்கையில் காலோடு. எண்ணிக்கையை வாரத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் கூட்டாதீர்கள். ஒரு சுற்றின் கடைசி மூன்று வீச்சு, முதல் மூன்றைவிடக் கோணலாக இருந்தால் அன்றைய கணக்கு அங்கேயே முடிந்தது. ஆயிரம் வீச்சு என்ற பேச்சு எல்லாம், முதல் வீச்சும் ஆயிரமாவது வீச்சும் ஒரே மாதிரி இருக்கும் ஆட்களுக்கு.

மூன்றாம் மாதம் சாய்வெட்டு. ஓங்குவது ஷோமெனைப் போலவே. இறங்கும்போது வாள் மட்டும் 45 பாகை சாய்ந்து, எதிராளியின் கழுத்தோரத்திலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு வரும். வாள் எவ்வளவு சாய்ந்தாலும் இடது முஷ்டி உங்கள் நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது. விலகினால் அது வெட்டாக இல்லாமல் துடைப்பாகிவிடும். வலம் ஐந்து, இடம் ஐந்து. பெரும்பாலும் ஒரு பக்கம்தான் மோசமாக இருக்கும், அந்தப் பக்கம் கூடுதலாக இரண்டு.

எந்தப் பாடத்திட்டம்?

ஒன்றை மட்டும் எடுங்கள். கெண்டோ (கவசமணிந்து மூங்கில் வாளால் மோதும் கலை), ஐகிடோ (வாள் பயிற்சியும் சேர்ந்த தற்காப்புக் கலை), பழைய வாள்மரபுகள் ஒவ்வொன்றிலும் வெட்டு நிற்கும் உயரமும் இடுப்பின் கோணமும் வேறுபடும். இரண்டைக் கலந்தால் எந்த நூலாலும் கேமராவாலும் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. எது பிழை என்பதே குழம்பிவிடும்.

ஆசிரியர் இல்லாதவர்களுக்குக் கெண்டோ வழியையே நாம் பரிந்துரைப்போம். மேலே சொன்ன ஷோமெனும் அந்த வழிதான். காரணம், அது எழுதி வைக்கப்பட்ட, எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் கற்பிக்கப்படும் முறை. அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு 2003-இல் மரவாள் அடிப்படைப் பயிற்சி முறை ஒன்றை வகுத்தது. அதில் ஒன்பது பாடங்கள். முதல் பாடம் தலை, மணிக்கட்டு, விலா ஆகியவற்றை வெட்டுவதும் தொண்டையைக் குத்துவதும். இரண்டாவது மணிக்கட்டிலிருந்து தலைக்குத் தொடரும் இரட்டை வெட்டு. இவை இரண்டையும் தனியாக ஒழுங்காகக் கற்கலாம். மூன்றாவதிலிருந்து எதிர்வாளைத் தட்டுவது, விலகி வெட்டுவது, உரசி ஏற்றி வெட்டுவது என்று போகும்; காலடிகளை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள், மற்றதற்கு ஆள் வேண்டும்.

1912-இல் வகுக்கப்பட்ட கெண்டோ கதா (இருவர் எதிரெதிரே நின்று செய்யும் வரையறுத்த பயிற்சி) பத்தும் இதே நிலைதான். ஏழு நீள்வாளுக்கு, மூன்று குட்டை வாளுக்கு. இருவரும் ஒன்பது காலடி தள்ளி நின்று, மூன்று காலடி நெருங்கி, முடிந்ததும் வாளைத் தாழ்த்தி ஐந்து சிற்றடி பின்வாங்குவார்கள். இந்தச் சட்டகத்தைத் தனியாகப் பழகி வைத்தால் பிறகு உதவும். உட்சிதாச்சி என்னும் தாக்குபவர் பக்கத்தையும் ஷிதாச்சி என்னும் மறுமொழி தருபவர் பக்கத்தையும் தனித்தனியே நடந்து பாருங்கள்.

ஐகிடோ மீது மனம் இருந்தால், ஐகிடோ ஆசிரியர் சைதோ மொரிஹிரோ வகுத்த ஏழு கென் சுபுரி (வாள் வீச்சுகள்) ஒரு நல்ல மாற்று. ஏழும் தனியாள் பயிற்சிகள் என்பது அதன் வசதி. ஆனால் அதில் முதலாவதைச் சரியாகச் செய்ய ஒரு மாதம் எடுப்பவரே ஏழாவதுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறார்.

நண்பரோடு மோதிப் பார்க்கலாமா?

வேண்டாம். ஆசிரியரின் கண் இல்லாமல் இரண்டு தொடக்கக்காரர்கள் மரவாளோடு எதிரெதிரே நிற்பது விரல் முறிவில் முடியும், அதுவும் கவசம் அணியாத கையில். அடித்துப் பழகுவதற்கென்றே நான்கு மூங்கில் பட்டைகளைக் கட்டிய ஷினாயும் முகக்கவசமும் உருவானது சும்மா இல்லை. நண்பரைப் பயன்படுத்த நல்ல வழி வேறு: அவர் நூலைப் பிடிக்கட்டும், பதிவு எடுக்கட்டும், "இடது பாதம்" என்று கத்தட்டும்.

பழைய டயரை அடிப்பதும் முதல் ஆண்டில் தேவையற்றது. அடி திரும்பி மணிக்கட்டுக்கு வரும். மெல்லிய 500 கிராம் வாளும் விரிசல் விடும்.

வலித்தால்

தசை அலுப்பு இரண்டு நாளில் போகும். இடது முன்கையின் உட்பக்கமும் இடது கெண்டைக்காலும் அலுப்பது இயல்பு. வலது தோளின் மேல்பகுதி இறுகினால் வலது கையால் தூக்குகிறீர்கள். இடது கையால் மட்டும், வாளை மெதுவாக ஐந்து முறை ஓங்கி இறக்கிப் பாருங்கள், பாதை எது என்று உடம்புக்குப் புரியும். முழங்கையின் வெளிப்புற எலும்பில் வலி என்றால் கையை விறைத்து நிறுத்துகிறீர்கள், பிடியும் ஓயாமல் இறுகியிருக்கிறது. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் வலித்தால் முனை துள்ளுவதை மணிக்கட்டு தாங்குகிறது. இடுப்புக்கு மேல் முதுகு வலிப்பவர்கள் ஓங்கும்போது வயிற்றை முன்னே தள்ளுகிறார்கள்; பக்கப் பார்வைப் பதிவில் இது உடனே தெரியும். மூட்டில் வரும் கூர்மையான வலியோடு ஒரு வீச்சும் வீசாதீர்கள். ஒரு வாரம் விட்டும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வாளைப் பேணுதல்

ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் துணியால் வாளை முழுவதும் துடையுங்கள். இழை எங்கேயாவது துணியைப் பற்றினால் அங்கே சிலாம்பு எழும்பியிருக்கிறது; நுண்ணிய உப்புத்தாளால் ரேகையின் திசையில் தேய்த்துவிடலாம். நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் ஒட்டுப்பசை பூசி வீசாதீர்கள், ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

சுவரில் சாய்த்து வைத்தால் சில மாதங்களில் வளையும். படுக்கையாக இரண்டு தாங்கிகளின் மேல் வையுங்கள், அல்லது பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்வது மரத்தைப் பிளக்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கமேலியா எண்ணெயோ ஆளிவிதை எண்ணெயோ சில துளிகள் தேய்த்து, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். பிடியில் எண்ணெய் தங்கக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால் அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது அது தானே சூடாகித் தீப்பற்றக்கூடியது. வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடிய டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள்.